பிட்டுக் குழலும் குளிர்ந்த ரேடியேற்றரும்

‘ரேடியேற்றர்’ என்ற சொல்லைக் கேட்டதும் மட்டக்களப்பிலுள்ள எவருக்கும் மோட்டார் வண்டியின் முற்பகுதியே நினைவுக்கு வரும். இயந்திரத்தில் மிகுந்துபோன வெப்பத்தை வெளியே போக்குவதற்கென அமைந்த பொறி அது. வாவியின் இரு கரைகளிலும் வாழும் எமக்கு வெப்பம் என்பது போக்கவேண்டிய பொருளேயன்றித் தேடவேண்டிய பொருளன்று. மார்கழி வாடையிலுங்கூட இங்கே வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. விடியற்காலையில் ஒரு போர்வை, எழுந்ததும் ஒரு கோப்பை கோப்பி; அவ்வளவோடு எங்கள் குளிர்காலம் முடிந்துவிடும்.

ஆனால், எம் பிள்ளைகள் இன்று வாழும் நாடுகள் அத்தகையனவல்ல. கல்லடியிலும் ஆரையம்பதியிலும் களுவாஞ்சிக்குடியிலும் பிறந்தவர்கள் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் நியூயோர்க்கிலும் குடித்தனம் நடத்துகின்றனர். பேரப்பிள்ளையின் முகம் பார்க்க விமானம் ஏறும் பாட்டன் பாட்டிமார் எம்மூரில் இப்பொழுது பலர். அவர்களுள் நானும் ஒருவன். பாடசாலையில் முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்து இளைப்பாறியவன். கற்பித்தவனாகிய நானே அங்கு சென்று கற்றுக்கொள்ள நேர்ந்த ஒரு பாடத்தை இங்கு எழுதுகின்றேன். மாணவர்களுக்கு இது பௌதிகம். பிள்ளைகளைக் குளிர்நாட்டுக்கு அனுப்பிய பெற்றோருக்கு இது வீட்டுக் காரியம்.

மகளின் வீடு

பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து மணம் முடித்து வைப்பது எம்முடைய பகுதியில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். பெண் தன் வீட்டிலேயே தாயாவாள். என் மகளுக்கு அவ்வாறு ஒரு வீடு கட்டிக் கொடுக்கும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. போர்க்காலத்து இடப்பெயர்வுகளிலே சேமிப்பு கரைந்தது. அவள் படிப்பின்பொருட்டுக் கடல் கடந்தாள். பல ஆண்டுகள் உழைத்து, நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியிலே, ஏறக்குறைய நூறு வயதான பழைய வீடொன்றை அவளும் மருமகனும் கடன்பட்டு வாங்கினர். 1977ஆம் ஆண்டிலே குடமுழுக்குக் கண்ட ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு அங்கிருந்து பேருந்தில் போய் வரலாம் என்பதில் அவளுக்குப் பெரும் மகிழ்ச்சி.

அவளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று வாரமாகியிருந்த தை மாதத்திலே நானும் என் மனைவியும் அங்கே சென்றோம். அந்த வீட்டின் நிலவறையில் ஒரு கொதிகலன் இருக்கின்றது. அதிலிருந்து எழும் கொதிநீராவி, இரும்புக் குழாய்களின் வழியே ஒவ்வோர் அறைக்கும் ஏறுகின்றது. அறையின் சாளரத்தின் கீழே, வார்ப்பிரும்பினாலான தடித்த வளையங்களை வரிசையாக நிறுத்தி வைத்தாற்போன்ற ஒரு பொருள் நிற்கின்றது. அதுவே அவ்வூர் ரேடியேற்றர். ஆவி அதனுள்ளே புகுந்து இரும்பைச் சூடாக்க, இரும்பு அறையைச் சூடாக்குகின்றது.

நாங்கள் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் இரவு, வெளியே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 8 பாகை. மற்றெல்லா அறைகளும் கதகதப்பாக இருந்தன. தாயும் குழந்தையும் படுக்கும் அறை மாத்திரம் குளிர்ந்து கிடந்தது. அங்கிருந்த ரேடியேற்றரைத் தொட்டேன். கிணற்றடிக் கல்லைப்போலச் சில்லென்றிருந்தது. திருத்துபவரைத் தொலைபேசியில் அழைத்தபொழுது, நான்கு நாட்களுக்கு முன்னர் வர இயலாது என்று விடை கிடைத்தது.

“அமுக்கத்தைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும், மாமா” என்று சொல்லி மருமகன் நிலவறைக்குள் இறங்கினார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் விளைந்தது என்ன? சூடாயிருந்த அறைகள் மேலும் சூடாகின; குளிர்ந்த அறை குளிர்ந்தபடியே இருந்தது. அதற்கு மேலாக, சுத்தியலால் அடித்தாற்போன்ற ஓசை குழாயினுள்ளே எழுந்தது. குழந்தை வீரிட்டு அழுதது. மகள், “சமையலறையில் எரிவாயு அடுப்பைத் திறந்து எரிய விட்டு, பிள்ளையை அங்கே கொண்டுபோய் வைத்திருப்போமா, அப்பா?” என்று கேட்டாள். அது ஆகாது என்று தடுத்தேன். தடுத்ததற்குரிய காரணத்தைப் பின்னர் சொல்வேன். அன்றிரவு நால்வரும் குழந்தையும் ஒரே அறையில் நெருங்கிப் படுத்தோம்.

மனைவி கேட்ட கேள்வி

மறுநாட் காலை, ஊரிலிருந்து கொண்டுபோன பிட்டுக் குழலிலே என் மனைவி பிட்டு அவித்தாள். நான் அருகில் அமர்ந்து, அமுக்கம் கூடியும் ஆவி ஏன் ஏறவில்லை என்று கடதாசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் குழலின் மூடியைத் துடைத்து, அதிலுள்ள சிறு துளைகளை ஓர் ஈர்க்கினாற் குத்திச் சுத்தஞ் செய்தபடியே, “கீழே எவ்வளவு நெருப்பு எரித்தாலும் மேலே துளை அடைபட்டிருந்தால் பிட்டு அவியுமா? உங்கள் இரும்புக் குழலுக்கு மேற்றுளை எங்கே இருக்கின்றது?” என்று கேட்டாள்.

நான் கடதாசியை மடித்து வைத்தேன். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையிலே சொல்லிவந்த ஒன்று, அடுக்களையிலிருந்து எனக்குத் திரும்பி வந்தது.

பிட்டுக் குழலைச் சிறிது சிந்தித்துப் பாருங்கள். மாவும் தேங்காய்ப்பூவும் இட்டு நிரப்பும்பொழுது குழலினுள்ளே வளியும் இருக்கின்றது. பானையிலிருந்து ஆவி எழும்போது, அந்த வளி முதலில் மேலே வெளியேற வேண்டும். அது வெளியேறினாலன்றி ஆவி உள்ளே புகுவதற்கு இடமில்லை. மூடியின் துளையால் ஆவி வரக் கண்ட பின்னரே பிட்டு அவிந்ததென்று எம்முடைய பெண்கள் கொள்வர். மாவை நீர் மிகுத்துக் குழைத்துவிட்டால் வழி அடைபட்டு, கீழே களியும் மேலே பச்சை மாவுமாகப் போய்விடும். குறை நெருப்பிலன்று, வழியிலேதான்.

ரேடியேற்றரின் கதையும் இதுவே. கொதிகலன் ஓய்ந்திருக்கும் வேளையில் அதனுள் நிறைந்திருப்பது வளி. ஆவி வரும்போது அந்த வளி வெளியேறுவதற்காக, குழாய் வந்து சேரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலே, நடு உயரத்திற்குச் சற்று மேலாகவோ அதன் அண்மையிலோ, பெருவிரல் அளவான சிறு கருவியொன்று திருகப்பட்டிருக்கும். அதனை வளி வால்வு எனலாம். வளி போகும்வரை அது திறந்திருக்கும். சூடான ஆவி வந்து தீண்டியதும் மூடிக்கொள்ளும். அதன் உள்ளே மதுசாரமும் நீரும் கலந்த சிறிது திரவம் அடைக்கப்பட்ட ஒரு மிதவை உண்டு. ஆவியின் வெப்பத்தில் அத்திரவம் கொதித்து விரிய, மிதவையின் அடித்தகடு புடைத்து, உச்சியிலுள்ள ஊசி துளையை அடைக்கும். குளிர்ந்ததும் துளை மீண்டும் திறக்கும். மின்சாரமும் வேண்டாம், காவலாளும் வேண்டாம்.

அமுக்கத்தைக் கூட்டியது ஏன் பயன்படவில்லை என்பதும் இப்பொழுது விளங்கும். போக வழியில்லாத வளியை எவ்வளவு நெருக்கினாலும் அது சுருங்குமேயன்றி நீங்காது. அன்றியும், அமுக்கம் அளவுக்கு மிஞ்சினால், நல்ல வால்வுகளுங்கூட ஒருமுறை மூடிய பின்னர் திறக்கமாட்டாமல் அமுங்கிக் கிடக்கும். சதுர அங்குலத்திற்கு 2 இறாத்தலுக்கு மேற்படாத அமுக்கமே ஒரு வீட்டுக்குப் போதுமானது.

ஆவி சுமந்து வரும் செல்வம்

வெந்நீரைவிட ஆவியிலே என்ன சிறப்பு என்று மாணவர்கள் கேட்கலாம். 1 கிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகை வரை சூடாக்குவதற்கு 100 கலோரி வெப்பம் போதும். ஆனால், 100 பாகையிலுள்ள அதே நீரை 100 பாகையிலுள்ள ஆவியாக மாற்றுவதற்கு ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். வெப்பமானியில் தோன்றாமல் ஆவியினுள் ஒளிந்திருக்கும் இவ்வெப்பத்தை மறைவெப்பம் என்கின்றோம். ஸ்கொத்லாந்து நாட்டவரான யோசெப் பிளாக், 1760ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே இதனை ஆராய்ந்து விளக்கினார். ஆவி குளிர்ந்த இரும்பைத் தொட்டு மீண்டும் நீராக ஒடுங்கும்போது, வாங்கிய 540 கலோரியையும் அங்கே ஒப்படைத்துவிடுகின்றது.

இன்னொரு விந்தையும் உண்டு. 1 லீற்றர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 லீற்றருக்கு மேற்பட்ட இடத்தை நிரப்பும். ஒடுங்கும்போது அவ்வளவும் சுருங்கி மறுபடியும் 1 லீற்றராகும். வெறுமையான அவ்விடத்தை நோக்கிப் புதிய ஆவி தானாகவே ஓடிவரும். ஆகையால் இந்த முறைக்குப் பம்பி தேவையில்லை.

நீராவிப் பொறியைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாற், 1784இல் தம் அறையை ஆவியாற் சூடாக்கிப் பார்த்தார். 1855ஆம் ஆண்டளவில் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே ஃபிரான்ஸ் சான் கல்லி என்பவர் வார்ப்பிரும்பு ரேடியேற்றரை உருவாக்கினார். நியூயோர்க்கிலே 1882ஆம் ஆண்டு தொடக்கம் வீதிகளின் கீழே குழாய் பதித்துக் கட்டடங்களுக்கு ஆவி விற்று வருகின்றனர். மன்ஹற்றனில் அந்த ஏற்பாடு இன்றும் நடைபெறுகின்றது. பழைய வீடுகள் பலவற்றிலோ வீட்டுக்கொரு கொதிகலன்.

திருத்திய விதம்

என் மகளின் வீட்டிலுள்ளது ஒற்றைக் குழாய் முறை. ஆவி ஏறுவதும், ஒடுங்கிய நீர் இறங்குவதும் ஒரே குழாயின் வழியாகத்தான். நானும் மருமகனும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலாவதாக, ரேடியேற்றரின் காலடியிலுள்ள கைவால்வு. அது முற்றாகத் திறந்திருந்தது. இவ்வகை வால்வு முற்றாகத் திறந்திருக்க வேண்டும், அல்லது முற்றாக மூடியிருக்க வேண்டும். வெப்பத்தைக் குறைக்க எண்ணிப் பாதி மூடினால், ஏறும் ஆவி இறங்கும் நீரை மறித்துவிடும்.

இரண்டாவதாக, கைவால்வின் கீழுள்ள குழாய். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தொட்டுப் பார்த்தோம், சூடாயிருந்தது. ஆகவே ஆவி வாசல்வரை வந்து, உள்ளே புக இடமின்றி நிற்கின்றது என்பது உறுதியாயிற்று. குழாயும் குளிர்ந்திருந்தால் குறை நிலவறையிலுள்ள குழாய்களிலே இருந்திருக்கும்.

மூன்றாவதாக, வளி வால்வு. கொதிகலனை நிறுத்தி, எல்லாம் ஆறும்வரை காத்திருந்தோம். பின்னர் வால்வை இடப்புறமாகத் திருகிக் கழற்றி, அதன் அடியில் வாய் வைத்து ஊதினேன். சிறிதும் காற்றுப் போகவில்லை. உற்றுப் பார்த்தபொழுது உண்மை வெளிப்பட்டது. வீட்டை விற்பதற்கு முன்னர் எவரோ ரேடியேற்றருக்கு வெள்ளிநிறப் பூச்சுப் பூசியிருந்தனர். அந்தப் பூச்சு வால்வின் நுண்துளையையும் மூடிவிட்டது. அழகு செய்யப் போய் மூச்சை அடைத்துவிட்டனர்!

துருவும் சுண்ணமும் அடைத்திருந்தால் வினாகிரியில் ஊற வைத்துத் தற்காலிகமாகச் சீராக்கலாம். பூச்சு அடைத்ததற்கு அது உதவாது. இரும்புச் சாமான் கடையிலே புதிய வால்வு ஒன்றை வாங்கினோம், பெரிய விலையன்று. புரியிலே வெள்ளை நாடாவைச் சுற்றி, கருவி நிமிர்ந்து நிற்கும்படி திருகிப் பொருத்தினோம்.

நான்காவதாக, சரிவு. முதல்நாளிரவு கேட்ட சுத்தியலோசைக்குக் காரணம் தேடவேண்டியிருந்தது. ஒரு போத்தலிலே நீரை நிரப்பி, ஒரு குமிழிக்கு மாத்திரம் இடம் விட்டு மூடி, ரேடியேற்றரின் மேல் கிடையாக வைத்தேன். குமிழி கைவால்வின் பக்கம் ஓடியது. உயர்ந்த பக்கத்திற்கே குமிழி ஓடும். நூறு ஆண்டுகளில் தளம் சிறிது தாழ்ந்து, நீர் இறங்கவேண்டிய பக்கம் உயர்ந்துவிட்டது. ஆகையால் நீர் திரும்பிச் செல்லாமல் உள்ளேயே தேங்கிற்று. விரைந்து வரும் ஆவி அந்நீரை அள்ளி எறிந்து மோதியதே அந்த ஓசை.

இதனை மருமகனுக்கு விளக்க எனக்கு எம்முடைய வாவியே உதவியது. மாரி மழையில் வாவி பெருகும் காலத்திலே முகத்துவாரத்தில் மணல்மேடு அடைத்திருந்தால், கரையோர வயல்களும் வளவுகளும் நீரில் ஆழும். மணலை வெட்டி வழி திறந்துவிட்டால், வெள்ளம் கடலுக்குத் தானே போய்விடும். “இங்கும் முகத்துவாரந்தான் அடைபட்டிருக்கின்றது, தம்பி” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, கால் அங்குலத் தடிப்பான இரண்டு பலகைத் துண்டுகளைச் சீவிக் கொண்டுவந்தார். குழாயின் மூட்டு அசையாதவாறு மெதுவாக நெம்பி, வால்வுக்கு எதிர்ப்பக்கத்து இரு கால்களின் கீழும் அவற்றை வைத்தோம். குமிழி மறுபக்கம் போயிற்று.

கடைசியாக, அமுக்கத்தை முன்னிருந்த அளவுக்கே குறைத்து, கொதிகலனை இயக்கினோம்.

எல்லோரும் அந்த அறையில் நின்றோம். சிறிது நேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் புதிய வால்விலிருந்து மெல்லிய சீறல் எழுந்தது. நெடுநாள் அடைபட்டிருந்த வளி வெளியேறியது. முதல் வளையம் சூடாயிற்று, இரண்டாவது, மூன்றாவது. என் மனைவி ஒவ்வொரு வளையத்தையும் விரல் நுனியால் தொட்டுக்கொண்டே போனாள். கடைசி வளையமும் சூடானதும் சீறல் தானாக அடங்கிற்று. “ஆவி வந்துவிட்டது, இனி இறக்கலாம்” என்றாள். பிட்டைத்தான் சொல்கின்றாளோ என்று மகள் கேட்க, வீடு சிரித்தது. அன்றிரவு தாயும் பிள்ளையும் தம்முடைய அறையிலே உறங்கினர்.

மறவாதிருக்க வேண்டியவை

குளிர்நாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு இதனை வாசித்துக் காட்டும் பெற்றோர், சில எச்சரிக்கைகளையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

கொதிகலன் இயங்கும்போது வளி வால்வைக் கழற்றவே கூடாது. பீறி வரும் ஆவி, மறைவெப்பம் முழுவதையும் தோலின் மேல் இறக்கிவிடும்.

கொதிகலனின் பக்கத்திலுள்ள கண்ணாடிக் குழாயிலே நீர்மட்டம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் உடனே நிறுத்துக. சூடாயிருக்கும் வெற்றுக் கலத்திலே குளிர்நீர் விடுதல் பேராபத்து. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் புரொக்ரன் நகரிலே, 1905ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆந் தேதி, சப்பாத்துத் தொழிற்சாலையொன்றின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். அதன் பின்னரே, 1907இல் அம்மாநிலம் கொதிகலன்களுக்குக் கடுமையான விதிகளை வகுத்தது. வீட்டுக் கொதிகலன் சிறியதாயினும், அதன் அமுக்கக் கட்டுப்பாட்டையும் காப்பு வால்வையும் விளையாட்டாகத் தொடலாகாது. அவற்றிற் குறை தோன்றினால் தொழில் தெரிந்தவரே வரவேண்டும்.

எரிவாயு அடுப்பைத் திறந்து அறையைச் சூடாக்கும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுதல் வேண்டும். முற்றாக எரியாத எரிபொருளிலிருந்து எழும் காபன் மொனொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே அது கொன்றுவிடும். நான் மகளைத் தடுத்தது இதனாலேயே. அவ்வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவியொன்று, உறங்கும் அறைகளின் அண்மையில் இருத்தல் வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்போர் குளிரைப் பொறுத்துக்கொண்டு மௌனமாக இருக்க வேண்டியதில்லை. நியூயோர்க் நகரச் சட்டப்படி, ஒக்ரோபர் 1 முதல் மே 31 வரை வெப்பம் வழங்குவது வீட்டுக்காரரின் கடமை. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, வெளியே பரன்கைற் 55 பாகைக்குக் குறைந்தால், உள்ளே 68 பாகையேனும் இருக்க வேண்டும்; அஃதாவது 20 சென்ரிகிறேட். இரவு வேளையிலே 62 பாகையேனும் இருக்க வேண்டும். குறைந்தால் 311 என்ற எண்ணில் நகரசபைக்கு முறையிடலாம். புதிதாகச் சென்ற எம்மவர் பலர், வீட்டுக்காரரின் மனம் கோணுமே என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்துவிடுகின்றனர். உரிமையைக் கேட்பது மரியாதைக் குறைவன்று.

மூன்று மாதம் முடிந்து நாங்கள் ஊர் திரும்பினோம். விடைபெறும் நாளிலே மகள் அந்த ரேடியேற்றரின் கீழிருந்த பலகைத் துண்டுகளைக் காட்டி, “இந்த வீட்டில் நீங்கள் கட்டிய பகுதி இது, அப்பா” என்றாள். கட்டிக் கொடுக்க வேண்டிய வீட்டில் கால் அங்குலமாவது என் பங்காக அமைந்தது என்று எண்ணிக்கொண்டேன். பிட்டுக் குழலை மாத்திரம் என் மனைவி திரும்பக் கொண்டுவரவில்லை; மகளின் அடுக்களையிலேயே விட்டுவிட்டு வந்தாள். அதன் துளைகளைச் சுத்தஞ் செய்ய ஓர் ஈர்க்கும் அருகில் இருக்கின்றது.